முப்பத்தேழாம் மூளை

நவம்பர் 4, திங்கள்

தூக்கம்: ஏழு மணி நேரம். காபி: இரண்டு. சண்டை: இல்லை.

மேலே இருக்கும் வரியை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஆவுடையப்பன் சாரின் உத்தரவு. சார் எங்கள் மதுரை ஆஸ்பத்திரியின் மூளை நரம்பு டாக்டர். நான் ஸ்கேன் பிரிவில் பதினான்கு வருடமாக டெக்னீஷியன்.

சார் ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். நாற்பது மூளை. இருபது பேர் பார்க்கின்சன் என்னும் நடுக்கவாத நோயாளிகள், இருபது பேர் ஐம்பத்தைந்து வயது தாண்டியும் நன்றாக இருப்பவர்கள். மூளையில் டோபமைன் என்று ஒன்று சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள நரம்பு நுனியில் கதவுகள் இருக்கின்றன. அந்தக் கதவுக்குப் பெயர்தான் டிரான்ஸ்போர்ட்டர். கதவில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தை ஊசியில் ஏற்றி, நான்கு மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால், தலைக்கு நடுவே வலமும் இடமுமாக இரண்டு இடம் ஒளிரும். நோய் வந்தால் ஒளி மங்கும். நான் அந்த ஒளியைச் சுற்றி மவுஸால் கோடு போட வேண்டும். கம்ப்யூட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நலம்.

போன வாரம் ஒரே மூளையைத் திங்களன்றும் வியாழனன்றும் அளந்தேன். 1.32 வந்தது, பிறகு 1.25 வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஒரே மூளை, ஒரே கை, ரெண்டு பதிலாம்மா? நீ தூங்குனியா, எத்தன காபி குடிச்ச, வீட்ல சண்ட போட்டியா, எல்லாத்தையும் தெனம் எழுது. டிசம்பர்ல நான் படிச்சுப் பாக்குதேன், கோளாறு எங்கன்னு."

மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி அக்டோபர் வரை காலியாகக் கிடந்தது. அது இது. அவர் சொன்னதை அவரே மறந்துவிடுவார் என்பதால் மனதில் பட்டதை எழுதலாம்.

நவம்பர் 8, வெள்ளி

தூக்கம்: ஆறு. காபி: மூன்று. சண்டை: ஒன்று, ராகுகாலத்தோடு.

நோயாளிகள் எளிதாகக் கிடைத்துவிட்டார்கள். நன்றாக இருக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. இன்று வந்தவர் பெரியகருப்பன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபத்திரண்டு வயது. காலை பத்தே முக்காலுக்கு ஊசி தயார். அவர் கையை நீட்டவில்லை.

"வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னெண்டு ராகுகாலம்மா. அதுக்கப்புறம் போடுங்க."

இந்த மருந்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், நாம் காத்திருந்தாலும் மருந்து காத்திருக்காது என்று விளக்கினேன். "நாங்க ஒரு வண்டியக்கூட ராகுகாலத்துல எடுத்ததில்ல" என்றார். அரசு பஸ் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. சார் வந்து ஒரு சத்தம் போட்டதும் கை தானாக நீண்டது.

எல்லாம் முடிந்ததும், "மூளை நார்மல்னு ஒரு சர்ட்டிபிகேட் தருவீங்களா?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் இருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் அங்கிருந்தே கத்தினார்: "அம்மா, அதை மட்டும் குடுத்துத் தொலைச்சிராதீங்க! அப்புறம் நான் வீட்ல இருக்க முடியாது!"

சாருக்கு கேன்டீன் மேல் கோபம். காபித்தூளை மாற்றிவிட்டார்களாம், வாசனையே இல்லையாம். நான் குடித்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. அப்படிச் சொன்னதற்கு என் மூக்கையும் திட்டினார்.

நவம்பர் 13, புதன்

தூக்கம்: ஏழு. காபி: இரண்டு. சண்டை: இரண்டு. நான் எதிலும் இல்லை, நடுவில் நின்றேன்.

மருந்து வாங்கும் இண்டெண்ட் தாளை ஸ்டோர் கதிரேசன் திருப்பி அனுப்பிவிட்டார். சாரின் கையெழுத்து அவரிடம் இருக்கும் மாதிரி அட்டையோடு ஒத்துப்போகவில்லையாம். இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. கதிரேசன் பூதக்கண்ணாடி வைத்திருக்கும் மனிதர்.

"பாருங்கம்மா, அட்டைல எவ்வளவு பெரிசா, அகலமா இருக்கு. இது ஆரம்பிக்கும்போதே சின்னது, போகப்போக இன்னும் சின்னது. கடைசி எழுத்து இருக்கா இல்லையான்னே தெரியல. யாரோ போட்டிருக்காங்க."

சார் நேரில் வந்து அவர் கண்முன்னே கையெழுத்துப் போட்டார். அதுவும் பொருந்தவில்லை. "வேய், நான்தான்வே ஆவுடையப்பன்!" என்று கத்தினார். "ஆளு நீங்கதான் சார், கையெழுத்து நீங்க இல்ல" என்றார் கதிரேசன். கடைசியில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டு மருந்தை வாங்கி வந்தேன்.

வீட்டில் முருங்கை இலையின் அடியில் பூச்சி முட்டை. தங்கப்பாண்டி, அதாவது என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை பந்தம் கட்டிச் சுட்டுவிடுகிறேன் என்கிறார். தீபாவளியிலிருந்து இதே ஞாயிறுதான்.

நவம்பர் 18, திங்கள்

தூக்கம்: ஐந்து. காபி: மூன்று. சண்டை: காதுகுத்து வீட்டில் நடந்தது கணக்கில் சேராது.

வெள்ளி, சனி லீவு. நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. திரும்பி வந்தால் நல்ல சேதி: இருபதாவது நல்ல ஆளும் சனிக்கிழமை கிடைத்துவிட்டார். நாற்பதும் முடிந்தது. படம் எடுத்தவர் என் கூட வேலை பார்க்கும் செபஸ்தி.

யார் என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம், சாரின் உத்தரவு. நியாயம்தான். எந்த எண் யாருடையது என்று தெரியாமல்தான் நான் கோடு போட வேண்டும். எண்களைக் கலைத்துப்போட்டு, பட்டியலைச் சார் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் செபஸ்தி. "ஊசி போடுறப்போ என்னைத் திட்டினாரு. மெஷின்ல படுத்துக்கிட்டே தலைய எப்படி வைக்கணும்னு எனக்கே பாடம் நடத்தினாரு."

செபஸ்தியைப் பார்த்தால் யாருக்குமே பாடம் நடத்தத் தோன்றும். இதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

தூக்கம்: ஏழு. காபி: இரண்டு. சண்டை: ஒன்று.

நாற்பதும் வரைந்து முடித்தேன். இடுப்பு விட்டுப்போனது. பெரும்பாலும் பார்த்த உடனே தெரிந்துவிடும். உதாரணமாக முப்பத்தேழு: இடது பக்கம் 0.61, வலது பக்கம் 0.84. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. ஆக, வலது கையிலும் காலிலும் ஆரம்பித்திருக்கும் நோய். இன்னும் நடுக்கம்கூட வந்திருக்காது. சந்தேகமே இல்லாத படம்.

சாரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் முப்பத்தேழில் நின்றார்.

"இது தப்பு. திரும்ப வரை."

நவம்பர் 25, திங்கள்

தூக்கம்: ஆறு. காபி: மூன்று. சண்டை: மூன்று.

மூன்று முறை வரைந்தேன். 0.60, 0.62, 0.61. போன மாதம் ஒரே மூளைக்கு இரண்டு பதில் வந்ததற்குத் திட்டு. இப்போது ஒரே பதில் வருவதற்குத் திட்டு.

மூன்றாவது தடவை பின்னால் வந்து நின்றார். வருவது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. இப்போதெல்லாம் வலது செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டுதான் வருகிறார். புதுச் செருப்பு வாங்கச் சொல்ல வேண்டும். வலது கையையும் வீசி நடப்பதில்லை. ஃபைல் இல்லாதபோதும் ஃபைலை அணைத்துக்கொண்டிருப்பதுபோல் வயிற்றோடு வைத்திருக்கிறார்.

"அந்த ஆள எனக்குத் தெரியும்மா. முப்பத்தேழு நல்லா இருக்க ஆளு. நோயாளி வாசல்லருந்து நாற்காலி வரைக்கும் நடந்து வாரதப் பாத்தாலே நான் சொல்லிருவேன்லா? இருவத்தஞ்சு வருசத்துல ஒண்ணுகூடத் தப்புனதில்ல."

அது உண்மைதான். ஊரே சொல்லும்.

நவம்பர் 27, புதன்

தூக்கம்: ஆறு. காபி: மூன்று. சண்டை: மெஷினோடு.

மெஷினில் கோளாறு என்று முடிவு செய்து, பிளாஸ்டிக் தலைக்குள் மருந்தை ஊற்றிச் சோதித்தோம். பிளாஸ்டிக் தலை மிகச் சரியான பதில் சொன்னது. அடுத்து செபஸ்தி மேல் பழி வந்தது. அவர் தினமும் ஜெபம் செய்பவர் என்பதால் தாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் சாரின் மனைவி கோமதி அம்மா போன் செய்தார்கள். "ஆஸ்பத்திரில ரொம்ப வேலையாம்மா? ராத்திரி தூக்கத்துல கத்துதாங்க, கையக் கால வீசி ஒதைக்காங்க. போன வாரம் ஒதச்ச ஒதையில நான் கட்டில்லருந்து விழுந்துட்டேன். இப்ப பக்கத்து ரூம்லதான் படுக்கேன். தூக்கத்துலயும் ஒன்னியத்தான் திட்டுதாங்கம்மா, 'திரும்ப வரை, திரும்ப வரை'ன்னு."

வேலை அதிகம்தான் அம்மா என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

தூக்கம்: இல்லை. காபி: நான்கு. சண்டை: இல்லை. முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது.

டிசம்பர் 2, திங்கள்

தூக்கம்: நான்கு. காபி: இரண்டு. சண்டை: ஒன்று, பெரியது.

இன்று முதல் சாருக்கு நானே காபி கொண்டுபோகிறேன். டம்ளரில் பாதிதான். கேன்டீன்காரர் விளிம்புவரை ஊற்றிவிடுகிறார், சட்டையில் சிந்துகிறது. சாரின் இடது பக்கம் நின்று கொடுத்தால் இடது கையால் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பக்கம்தான் மின்விசிறி என்பதால் நான் அங்கே நிற்கிறேன்.

ஏழாவது முறையும் 0.62. சார் இந்த முறை கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா சென்னைல வேற ஆள வச்சு நாப்பதையும் வரையச் சொல்லிருவேன். கட்டுரைல ஒம் பேரு இருக்காது பூங்கோதை. யோசிச்சுக்கோ."

பதினான்கு வருடத்தில் என் பெயர் அச்சில் வரப்போகும் முதல் கட்டுரை. சீனியர் டெக்னீஷியன் பதவிக்கு அது வேண்டும். வீட்டில் சொன்னதும் தங்கப்பாண்டி, "ஒரு கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னடி கெட்டுப்போச்சு?" என்றார். பூச்சி சுடத் துப்பில்லாதவர் மூளையில் கோடு போட வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

டிசம்பர் 5, வியாழன்

தூக்கம்: ஐந்து. காபி: மூன்று. சண்டை: பேச்சே இல்லை.

எழுத வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். பெரிதாக வரைந்தால் இருட்டும் உள்ளே வந்து எண் இன்னும் இறங்குகிறது. மிகவும் ஒளிரும் இடத்தை மட்டும் பொட்டு அளவுக்கு வரைந்தால் 0.79. அதற்கு மேல் ஏறவில்லை. எப்படியாவது ஒன்றைத் தாண்டவை என்று மீனாட்சியைக்கூட வேண்டினேன். வேண்டியது என் பெயருக்காக இல்லை.

அழித்துவிட்டுப் பழையபடியே வரைந்தேன். 0.61.

டிசம்பர் 6, வெள்ளி

தூக்கம்: ஆறு. காபி: இரண்டு. சண்டை: இல்லை.

சார் மறக்கவில்லை.

"திங்கக்கிழம அந்த டைரியக் கொண்டா. கோளாறு எங்கன்னு அதுல இருக்கும்."

டிசம்பர் 8, ஞாயிறு

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். காபித்தூள், கையெழுத்து, செருப்பு, உதை, அரை டம்ளர். இதை அவரிடம் கொடுப்பதா? கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் இது நூல் தைத்த டைரி. நடுவில் பக்கத்தை வெட்டினால் தையல் விட்டு மற்ற பக்கங்களும் கழன்றுவிடும். அதனால் வெட்டவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

தங்கப்பாண்டி பந்தம் கட்டினார். மண்ணெண்ணெய் இல்லை. அவிழ்த்துவிட்டார்.

டிசம்பர் 11, புதன்

டைரி சாரிடம் இருக்கிறது. இது இண்டெண்ட் தாளின் பின்பக்கம், பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை கொடுத்தேன். நேற்றும் இன்றும் சார் லீவு. பதினான்கு வருடத்தில் அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. செபஸ்தி ஜெபிக்கிறார். நான் சாருக்குச் சேர்த்து இரண்டு காபி வாங்கி இரண்டையும் நானே குடித்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

தூக்கம்: தெரியாது. காபி: ஒன்று. சண்டை: கீழே.

காலையில் வந்தார். தேய்கிற சத்தம் என் அறை வாசலில் நின்றது. டைரியை மேசையில் வைத்துவிட்டு, எதிரே நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலிலிருந்து அந்த நாற்காலிவரை அவர் நடந்து வந்ததை இன்றுதான் நேராகப் பார்த்தேன். இவ்வளவு நாளும் பார்க்காததுபோல் இருந்தது நான்தான்.

டைரியைத் திறந்தேன். சிவப்பு மையில் அடிக்கோடுகள். என் தூக்கத்திலும் என் சண்டையிலும் ஒரு கோடுகூட இல்லை. ஒன்றைத் தவிர எல்லாம் அவரைப் பற்றிய வரிகளில். டிசம்பர் 8-க்குக் கீழே, கதிரேசன் நம்பாத அந்தச் சின்ன எழுத்தில், தமிழில், கேஸ் ஷீட் எழுதியிருந்தார்:

'ஆண், வயது 61. வாசனை தெரியவில்லை, நோயாளி காபித்தூளைக் குறை சொல்கிறார். கையெழுத்து சுருங்கியுள்ளது; கண்டுபிடித்தவர் ஸ்டோர் கதிரேசன். வலது கால் தேய்கிறது, வலது கை வீசவில்லை, கண்டுபிடித்தவர் டெக்னீஷியன். தூக்கத்தில் உதைக்கிறார், கண்டுபிடித்தவர் உதை வாங்கிய மனைவி. எல்லாமே பார்க்கின்சனின் ஆரம்ப அறிகுறிகள். நோயாளி நரம்பியல் நிபுணர். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை.'

படித்து முடிக்கும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தேழு நான்தான்மா. ஆளு கெடைக்கல, நம்மளே படுத்துருவோம்னு படுத்தேன். ஒரு நாளும் தோணல."

"தெரியும் சார்."

"என்னைக்குலருந்து?"

நான் சொல்வதற்குள் அவரே டைரியைத் திருப்பி நவம்பர் 28-இல் விரல் வைத்தார். தூக்கம் இல்லாத அந்த நாளில் நான் வேறெதுவும் எழுதாமல் விட்ட கம்பளிப்பூச்சி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"நான் ஒரு மூளைய ஏழு தடவ வரையச் சொன்னேன். நீ ஒரு தடவயும் கோட்ட மாத்திக் குடுக்கல. மாத்தியிருந்தா நான் நம்பியிருப்பேன் பாத்துக்கோ. சந்தோசமா நம்பியிருப்பேன்." டிசம்பர் 2-ஐப் புரட்டினார். "அரை டம்ளர் காபிக்கு, கேன்டீன்காரன் ஏமாத்துதான்னுல்லா நெனச்சேன். அவன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன்."

சிரித்தார். நான் அழுதுவிட்டேன். நாற்பது மூளைக்கு எண் போட்டவள், ஒரு மூளைக்காக அழுதால் தப்பில்லை என்று நினைக்கிறேன். சார் கைக்குட்டையைத் தேடி வலது பாக்கெட்டில் கையை விட முயன்றார். கை மெதுவாகப் போனது. நான் உதவவில்லை, அவரும் அவசரப்படவில்லை. எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு நாளா லீவு போட்டு டாக்டர்ட்ட போனேன். எங்கிட்டப் படிச்ச பய. வாசல்லருந்து நாற்காலிக்கு நடந்து போறதுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. கோமதிட்டயும் சொல்லியாச்சு. 'அதான் ஒதையா?'ன்னு கேட்டுட்டு, காபி போட்டுக் குடுத்தா."

பிறகு எழுந்து பழைய குரலில், "முப்பத்தேழ நோயாளிப் பட்டியல்ல எழுது. நல்ல ஆளு ஒண்ணு கொறையுது, மாசக் கடைசிக்குள்ள பிடி. ஒம் பேரு கட்டுரைல ரெண்டாவது" என்றார். நான் போட்ட எந்தக் கோட்டைப் பற்றியும் இனிமேல் சந்தேகமில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்பவரும் இல்லை.

டிசம்பர் 13, வெள்ளி

தூக்கம்: எட்டு. காபி: இரண்டு. சண்டை: கண்டக்டர் வீட்டில்.

ஆள் தேடிப் போகவே இல்லை. பத்தரை மணிக்கு பேச்சியம்மாள் தானாக வந்து நின்றார், ஐம்பத்தெட்டு வயது.

"செபஸ்திட்ட கெஞ்சி, மூளை நார்மல்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டாரும்மா. அதை பிரேம் போட்டு டிவி மேல மாட்டி வச்சிருக்காரு. நான் எதச் சொன்னாலும் அதக் கையக் காட்டுறாரு. எனக்கும் ஒண்ணு எடுங்க, அதவிடப் பெரிய பிரேமா போடணும்."

ராகுகாலமாயிற்றே, பன்னிரண்டுக்கு மேல் ஊசி போடட்டுமா என்று மரியாதைக்குக் கேட்டேன். "முப்பத்தஞ்சு வருசமா அந்த மனுசனோட இருக்கேன். ராகு என்னை என்ன செஞ்சிரும்? போடுங்கம்மா" என்று கையை நீட்டினார்.

இடது 1.38, வலது 1.41. தன் வீட்டுக்காரருக்கு எவ்வளவு என்று கேட்டார். பட்டியல் நேற்றிலிருந்து என்னிடம்தான், ஆனாலும் சொல்லக் கூடாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

டிசம்பர் 16, திங்கள்

தூக்கம்: ஏழு. காபி: இரண்டு. சண்டை: ஒன்று, சாரோடு.

மார்கழி முதல் நாள். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தங்கப்பாண்டி பந்தத்தோடு முருங்கை அடியில் நிற்கிறார். கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமைல ஒரே வேலைடி" என்றார். பூச்சி போனது. பாதி மரமும் கருகியது. பரவாயில்லை, முருங்கை துளிர்த்துவிடும்.

ஆஸ்பத்திரியில் சார் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். இரண்டு பேரும் மெதுவாகவே நடந்தோம். கதிரேசன் பயந்து எழுந்து நின்றார், மேசை மேல் மூன்றாவதாகத் திருப்பி அனுப்ப வைத்திருந்த இண்டெண்ட் இருந்தது.

"அந்த மாதிரி கையெழுத்து அட்டைய எடும். புதுசு ஒண்ணு போடணும்."

"பழசு சார்?"

"அந்த ஆளு இப்ப இல்லவே. இனிமே இதுதான் நான்."

சார் உட்கார்ந்து, பேனாவை நிதானமாகப் பிடித்து, புது அட்டையில் கையெழுத்துப் போட்டார். சின்னதாக ஆரம்பித்து இன்னும் சின்னதாக முடிந்தது. கதிரேசன் தலையாட்டினார். ஆனால் விதி விதிதான். "இன்னொண்ணு போடணும் சார், ரெண்டும் ஒத்துப்போகணும்" என்றார். சார் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார். கதிரேசன் பூதக்கண்ணாடியை வைத்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"அச்சு அசலா ஒண்ணா இருக்கு சார்" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

சார் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ஒரே கை, ரெண்டு தடவயும் ஒரே பதிலு. நீயுந்தான் இருக்கியே, ஒரே மூளைக்கு 1.32, 1.25."

அது வெறும் ஐந்து சதவீத வித்தியாசம், உலகம் பூராவும் ஒத்துக்கொள்கிற அளவு என்று வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஸ்கேன் அறை வாசல்வரை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.